கிங்ஸ்ரன் றோட்டில் பத்து மைல்

பிக்கரிங்
17.11.1996, ஞாயிறு

அன்புத் தங்கை நிரூபாவுக்கு,

உன் ரெலிபோன் மெசினோடு கதைத்துக் கதைத்து அலுத்துவிட்டது. சத்தம் கேட்ட பிறகு சொல்லட்டாம். நீ பிறந்த அன்றைக்கு உன்னை மடியில் வாங்கியவள் நான், பன்னிரண்டு வயது மூத்தவள். ஒரு பெட்டிக்கு என்னத்தைச் சொல்வது? ஆகவே கடிதம். இருபது நிமிடக் கார் ஓட்டத்தில் இருக்கிற தங்கைக்கு முத்திரை ஒட்டி எழுதுகிறாள் என்று உன் அத்தான் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

நேற்றுக் கோயிலில் நவரட்ணம் அண்ணையைக் கண்டேன். எங்கள் தெருவில் நாலாவது வீடு, காலையில் ஸ்காபரோவுக்கு வேலைக்குப் போகிறவர். பத்துப் பேருக்கு முன்னால் கேட்கிறார்: “உங்கடை தங்கச்சி கிங்ஸ்ரன் றோட்டாலை ஏன் ஒவ்வொரு நாளும் விழுந்தடிச்சு ஓடுறா? நான் காரை நிப்பாட்டி ஏறச் சொன்னன். கையைக் காட்டிப்போட்டு இன்னும் வேகமாய் ஓடுறா. வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?”

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டொக்ரர் ஓடச் சொன்னவர் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். இதற்குள் உனக்குப் பெரிய வருத்தம் என்று கதை பரவியிருக்கும். அதற்கும் என்னைத்தான் திட்டுவாய்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இரண்டு கிழமை ஆகவில்லை, சப்பாத்து வாங்கி ஓடத் தொடங்கினாய். நான் வாய் திறக்கவில்லை. சமர் வெயில் முழுக்க ஓடினாய். அப்போதும் திறக்கவில்லை. இனி ஸ்னோ கொட்டப்போகிறது. இத்தோடு நிறுத்து.

அம்மாவின் ஆட்டைத் திவசம் பெப்ரவரி ஐந்து, புதன்கிழமை என்று ஐயர் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில்தான். அதற்குள் கையைக் காலை முறித்துக்கொள்ளாமல் வந்து சேர். கோபத்தை என்னோடு வைத்துக்கொள், அம்மாவின் படையலோடு வேண்டாம்.

அக்கா பாலேஸ்வரி


ஸ்காபரோ
28.11.1996

அக்காவுக்கு,

நவரட்ணம் அண்ணை மட்டுமா? மார்ச் மாதத்திலிருந்து இதுவரை பதினொரு கார் நின்றிருக்கிறது. வெள்ளைக்காரன் ஓடினால் உடற்பயிற்சி. தமிழ் ஆள் ஓடினால் பஸ்ஸை விட்டுவிட்டாள். போன கிழமை ஒரு அன்ரி பின்கதவையே திறந்துவிட்டா. “ஏறு பிள்ளை, ஆரும் துரத்துறாங்களோ?” என்றா. பாவம், நல்ல மனுசி. ஏறாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினேன்.

நிறுத்த மாட்டேன். வேலை பின்னேரம் மூன்று மணிக்குத்தான். காலை ஏழரைக்கு வெளிச்சம் வந்த கையோடு வெளிக்கிடுகிறேன். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் என்னோடு நிற்கிற கிளடிஸ் பத்து வருடமாக ஓடுகிறவள். அவள்தான் எல்லாம் சொல்லித் தந்தாள். பருத்திச் சட்டை போடக்கூடாது, வியர்வையில் நனைந்து விறைத்துவிடும். போகும்போது காற்றை எதிர்த்து ஓட வேண்டும், வரும்போது அது முதுகுக்கு இருக்க வேண்டும். ஈரம் ஏறாமல் சொக்ஸுக்கு மேலே, துண்டு துண்டாய் வெட்டிய பாண் சுற்றி வருகிற பிளாஸ்ரிக் பை. நான் இப்போது பாணைத் தின்பதே பைக்காகத்தான்.

ஏன் ஓடுகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்றுதான் கவலை. நானே சொல்கிறேன். 93இல் அம்மாவை ஊரிலிருந்து இங்கே எடுப்பிக்க ஸ்பொன்சர் படிவம் எடுத்தோம். என் ஒற்றைச் சம்பளம் காணாது, நீங்களும் அத்தானும்தான் போடலாம் என்றார்கள். அந்த வருடம் “அம்மாவுக்கு இந்தக் குளிர் ஒத்துவராது, அடுத்த சமர் பார்ப்பம்” என்றீர்கள். 94இலும் அதே. 95இலும் அதே. படிவம் உங்கள் மேசை லாச்சிக்குள் கிடந்தது. குளிர் ஒத்துவராத அம்மா, ஆமி வர ஊரோடு இடம்பெயர்ந்த ஐப்பசி மழையில் நனைந்து, நெஞ்சில் சளி கட்டி, தை மாதம் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் செத்துப்போனா.

இதைத்தான் அந்தியேட்டிச் சாப்பாட்டில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். சொன்ன இடம் பிழை. சொன்னது பிழை இல்லை.

இந்தக் குளிர் மனிதரை அப்படி என்னதான் செய்யும் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒரு நாள் விடாமல் ஓடப்போகிறேன். தாங்கலாமா தாங்க ஏலாதா என்று ஓடிப் பார்த்துச் சொல்கிறேன்.

நிரூபா


பிக்கரிங்
9.12.1996

நிரூபாவுக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குக் காட்டவில்லை. குசினி லாச்சிக்குள் வைத்தேன், பிறகு அந்தச் சொல்லே குத்தியதால் எடுத்து அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன்.

படிவத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. சொல்ல மாட்டேன். கேட்டுக் கரைச்சல் தராதே.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. கம்பளிச் சொக்ஸ் மூன்று சோடி, வஸ்லின் ஒரு போத்தல், கண்ணும் வாயும் மட்டும் தெரிகிற தொப்பி ஒன்று. வஸ்லினைக் கன்னத்திலும் மூக்கிலும் பூசு. தொப்பியைப் போட்டுக்கொண்டு பாங்குப் பக்கம் ஓடாதே, கள்ளன் என்று பிடிப்பார்கள்.

நீ ஓடுவதால் எனக்கு ஒரு வேலை கூடியிருக்கிறது. ஏழரைக்கு ரேடியோவில் குளிர் எத்தனை பாகை என்று சொல்லும். கேட்டபடி யன்னலடியில் நிற்கிறேன். இந்தக் கிழமை மூன்று தடவை பாண் கருகிவிட்டது. பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எட்டரைக்கு நீ வீட்டுக்குத் திரும்பியிருப்பாய் என்று நினைத்த பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்குகிறது. ஒரு நாளைக்காவது அந்த மெசினை நிறுத்திவிட்டு ‘வந்துவிட்டேன்’ என்று ஒரு சொல் சொல்லலாம். சொல்ல மாட்டாய்.

அக்கா


ஸ்காபரோ
27.12.1996

அக்காவுக்கு,

பார்சலுக்கு நன்றி. தொப்பி போட்ட இரண்டாம் நாளே பொலிஸ் கார் பக்கத்தில் வந்து நின்றது. உங்கள் வாய் முகூர்த்தம். தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். பொலிஸ்காரன் என் கண்ணிமையில் கட்டியிருந்த ஐஸைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகச் சொல்லிப் புத்தி சொன்னான். அவனிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடினேன்.

சப்பாத்துக்கு அடியில் சின்ன ஆணி பதினாறு முறுக்கி இறுக்கியிருக்கிறேன், ஐஸில் பிடிக்கும். கீழே வாசல் தரையைக் கீறிவிட்டேன் என்று கட்டிட மனேஜர் கத்தினார். வெளியில் கால் வைக்க முடியாமல் ஐஸ் மழை பெய்த அன்று மாடிப்படியில் ஓடினேன். பதினேழு மாடி, ஆறு தடவை ஏறி இறங்கினேன். ஒன்பதாம் மாடியில் ஒரு கிழவர் கதவைத் திறந்து நெருப்புப் பற்றிவிட்டதா என்று கேட்டார்.

பகிடியாக எழுதுகிறேன். ஆனால் அக்கா, என்னால் இருக்க முடியவில்லை. கதிரையில் இருந்தால் கால் ஆடுகிறது. வேலையில் துணி மடிக்கும்போது நேரத்தைப் பார்த்தபடி நிற்கிறேன். ஓடுகிற அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் தலைக்குள் சத்தம் இல்லை. ஓட்டம் நின்றதும் ஊரிலிருந்து மக்டலீன் எழுதிய கடிதம் தலைக்குள் வந்துவிடுகிறது.

உங்களுக்கும் அதன் பிரதி தந்தேன், படித்தீர்களோ தெரியாது. பக்கத்து வீட்டு மக்டலீன்தான் அம்மாவோடு கூட நடந்தவ. நல்லூர் வீட்டு வாசலிலிருந்து சாவகச்சேரி பத்து மைல். நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கி, ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம் ஆனதாம். அம்மா தன் குடையை யாரோ ஒரு கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டாவாம். அறுபத்தெட்டு வயதில்.

போன மாதம் கிளடிஸின் காரில் அளந்து பார்த்தோம். என் அப்பார்ட்மென்ற் வாசலிலிருந்து உங்கள் வீட்டு வாசல் சரியாகப் பத்து மைல். நடுவில் பாலமும் இருக்கிறது, றூஜ் ஆற்றுப் பாலம். இப்போது நிற்காமல் ஆறு மைல் ஓடுகிறேன். பெப்ரவரி ஐந்தாம் திகதி திவசத்துக்கு வருவேன். பஸ்ஸில் இல்லை. ஓடி வருவேன்.

உங்களிடம் இருக்கிற பதில் என்ன?

நிரூபா


பிக்கரிங்
6.1.1997

நிரூபா,

திவசத்துக்கு ஓடி வருகிற ஒரு சாதி சனத்தை நான் கேள்விப்பட்டதில்லை. வியர்வையும் ஆணிச் சப்பாத்துமாக வந்து நிற்பாய், ஐயர் மணியைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போவார். முந்திய நாளே அத்தான் காரோடு வந்து ஏற்றுவார். ஏறு.

என் வாசல் வரை அளந்தாயாமே. அந்தக் காரை நான் கண்டேன். சனிக்கிழமை பதினொரு மணி, சிவப்புக் கார். முன் இருக்கையில் நீ. யன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். வாசல் வரை வந்துவிட்டுத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கு நான் கீரை சமைத்திருந்தேன், உனக்குப் பிடித்த மாதிரி. அதை எழுத வேண்டாம் என்றிருந்தேன், எழுதிவிட்டேன்.

நீ குளிரை அறிய ஓடவில்லை. என்னைத் தண்டிக்க ஓடுகிறாய். ஒவ்வொரு நாளும் ஏழரைக்கு என்னை அந்த யன்னலில் நிறுத்தி வைத்துத் தண்டிக்கிறாய். மக்டலீனின் கடிதத்தைப் படித்தேனோ என்று என்னைக் கேட்கிறாய். எனக்கு அது வரிக்கு வரி பாடம்.

அக்கா


ஸ்காபரோ
19.1.1997, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை விழுந்துவிட்டேன். குளிர் கழித்தல் இருபத்திரண்டு. மேலே புதுப் பனி, அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ். வலது மணிக்கட்டு. முறியவில்லை, சுளுக்கு, கட்டுப் போட்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம்.

பகிடி என்னவென்றால், ஓடுகிறபோது பதினொரு கார் நின்றது, விழுந்து கிடக்கும்போது ஒன்றும் நிற்கவில்லை. எழும்ப முயற்சித்து முடியாமல் பனிக்குள் இருந்துவிட்டேன். ஐந்து நிமிடம் இருக்கும். கை விரல் விறைத்து, பிறகு வலித்து, பிறகு வலியும் போய்விட்டது. அப்போது எனக்கு என் கடிதம் ஒன்று நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்று சொல்வது பொய். அது எப்போதும் இருந்தது. நான் அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

89ஆம் ஆண்டு தை மாதம், நான் வந்த முதல் குளிர். உங்களுக்குப் பாரமாய் இருக்கக் கூடாது என்று பார்க்டேலில் நான் எடுத்த, ஹீற்றர் வேலை செய்யாத அந்த அறை. தனியே இருந்து அம்மாவுக்கு நாலு பக்கம் எழுதினேன். மூக்கால் வருகிற தண்ணீர் உறைகிறது என்று எழுதினேன். ஒரு ஆள் பஸ் தரிப்பில் நின்றபடியே செத்துப்போனான் என்று யாரோ சொன்ன கதையை நானே கண்டது மாதிரி எழுதினேன். அம்மா என்னைப் பார்த்துப் பாவப்பட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கடைசியில், ‘அம்மா, நீங்கள் ஒருநாளும் இங்கே வந்துவிடாதேயுங்கோ, ஒரு கிழமை தாங்க மாட்டீர்கள்’ என்று எழுதினேன்.

அம்மாவுக்குக் குளிரைக் காட்டிப் பயப்படுத்தியது நீங்கள் இல்லை அக்கா. நான். பத்துப் பேருக்கு முன்னால் உங்கள் மேல் போட்டேன், போட்டால் என்னைவிட்டுப் போய்விடும் என்று. போகவில்லை.

ஐந்து நாள் ஓடவில்லை. இந்த ஐந்து நாளும் நான் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. நாளைக்குத் தொடங்குகிறேன், கையைக் கட்டிக்கொண்டு. திவசத்துக்கு என்னை வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் வர மாட்டேன்.

நிரூ


பிக்கரிங்
26.1.1997, ஞாயிறு

என் நிரூவுக்கு,

எனக்குத் தெரியும். நாலு வருடமாகத் தெரியும்.

அதுதான் நான் சொல்ல மாட்டேன் என்ற பதில். 93இல் படிவம் எடுத்ததும் அம்மாவுக்கு எழுதினேன். அம்மா இப்படிப் பதில் போட்டா: “சின்னவள் முந்தியே எழுதினவள், அங்கை அடிக்கிற குளிர் மனுசர் இருக்கிற குளிர் இல்லையாம். பிள்ளை நல்லாப் பயந்துபோனாள். நானும் வந்து அவளுக்குப் பாரமாய் இருக்கேலாது. எனக்கு வர மனமில்லை எண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதை, தன்ரை கடிதத்தாலைதான் எண்டு நினைப்பாள். நீ ஏதும் சாட்டுச் சொல்லு.” சாட்டாகச் சொல்ல எனக்கும் குளிரைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தபடியால் அந்தியேட்டி அன்றும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீ இப்போது நீயாகவே சொல்லிவிட்டாய், என் வாக்கு முடிந்தது.

ஆனால் நான் நல்லவள் என்று நினைத்துவிடாதே. அம்மா மாட்டேன் என்றதும் எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாக இருந்தது. இரண்டு பேரும் வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம், பகல் முழுக்க அம்மா தனியே இந்த வீட்டுக்குள் என்ன செய்வா என்று பயம். வற்புறுத்தியிருந்தால் வந்திருப்பா. நான் மூன்று சமரும் ஒவ்வொரு தடவைதான் கேட்டேன், மாட்டேன் என்றதும் சரி என்றேன். நீ ஒரு கடிதம் எழுதினாய். நான் ஒரு லாச்சியை மூடினேன். இரண்டு பேருமாகத்தான் செய்தோம்.

இன்னும் ஒன்று. 94இல் மலிவு விற்பனையில் அம்மாவுக்கு ஒரு ஜக்கற் வாங்கினேன். கடும் நீலம், முழங்கால் வரை வரும், அம்மாவும் நானும் ஒரே அளவுதானே, போட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன். அத்தானின் கோட்டுகளுக்குப் பின்னால் விலைத் துண்டோடு தொங்குகிறது. இத்தனை நாளும் அத்தானுக்கும் தெரியாது.

ஓடி வா. வந்து வியர்வை ஆறியதும் குளித்து மாற்ற உடுப்பு எடுத்து வைக்கிறேன். கட்டுப் போட்ட கையை உள்ளுக்குள் வைத்து ஓடு. அத்தான் என்னைப் பாலத்தடியில் இறக்கிவிடுவார். நான் நிற்பேன்.

அக்கா


ஸ்காபரோ
10.2.1997

அன்புள்ள அக்கா,

ஐயரிடம் எனக்காக இன்னொரு தடவை மன்னிப்புக் கேளுங்கள். ஒன்றே கால் மணித்தியாலம் காக்க வைத்துவிட்டோம். பாலத்திலிருந்து மூன்று மைல், ஓடியிருந்தால் அரை மணியில் வந்திருப்பேன். அத்தானைக் காரோடு அனுப்பிவிட்டு, நீங்கள் ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, மறு கையால் என்னைப் பிடித்தபடி நடந்தால் நான் எப்படி ஓடுவது? ஐயர் உங்கள் ஈரச் சேலைக் கரையைப் பார்த்துவிட்டு உடனே மணியை எடுத்தாரே, அது பெரிய மனது.

பாலத்தில் நீங்கள் அந்த ஜக்கற்றை எனக்குப் போட்டுவிட்டபோது விலைத் துண்டு கன்னத்தில் உரசியது. வழி முழுக்க உரசியது. வீட்டுக்கு வந்து நீங்களே கத்தரிக்கோல் எடுத்து வெட்டினீர்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, படையலுக்கு முன்னால் இல்லை.

ஜக்கற்றை உங்கள் வாசல் கொளுக்கியில் விட்டு வந்தது மறதியால் இல்லை. என்னைவிட உங்களுக்குத்தான் அளவு. திரும்ப அலுமாரிக்குள் வைக்க வேண்டாம். போடுங்கள்.

பத்து மைலைக் கடந்தால் கால் ஓயும் என்று நினைத்தேன். ஓயவில்லை. இன்றும் ஏழரைக்கு ஓடினேன். இன்னும் கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும் போல. ஆனால் வந்ததும் உங்களுக்கு ஒரு சொல் சொல்லலாம். மெசினைக் கழற்றிவிட்டேன்.

நிரூ


பிக்கரிங்
23.2.1997, ஞாயிறு

என் நிரூவுக்கு,

ரெலிபோனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நடுவில் குரல் போய்விடும், பிறகு நீ பயந்து ஓடி வருவாய், பத்து மைல். அதனால் எழுதுகிறேன்.

ஏழரைக்கு யன்னலடியில் நிற்பது பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை ரேடியோவில் கழித்தல் பதினெட்டு என்றார்கள். இங்கே நின்று பாணைக் கருக்குவதைவிட வெளியில் போய்ப் பார்ப்போம் என்று நினைத்தேன். பெரிய சப்பாத்தை மாட்டினேன். கொளுக்கியில் இருந்த நீல ஜக்கற்றைப் போட்டேன். உன்னை மாதிரி ஓட எனக்கு ஏலாது, நடந்தேன். முதல் சந்தி வரை மூக்குக்குள் ஊசி குத்தியது. இரண்டாம் சந்தியில் அதுவும் பழகி, உள்ளே முதுகு வியர்த்துவிட்டது. எனக்கு நம்ப முடியவில்லை. பதினைந்து வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன், வீட்டிலிருந்து காருக்கும் காரிலிருந்து வேலைக்கும் தவிர இந்தக் குளிருக்குள் நான் ஒருநாளும் நின்று பார்க்கவில்லை.

அப்போது பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. யார் என்று சொல்ல வேண்டுமா? கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “என்ன தங்கச்சி, பஸ்ஸை விட்டிட்டியளோ? கெதியாய் ஏறுங்கோ, இந்தக் குளிருக்குள்ளை ஆர் நிப்பினம்?” என்றார் நவரட்ணம் அண்ணை.

“இல்லை அண்ணை, நீங்கள் போங்கோ. தாங்கலாம்” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவர் போய்க் கனநேரம் அந்த ஜக்கற்றுக்குள் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீ குளிர்காலம் முழுக்க ஓடி அறிந்ததை நான் இரண்டு சந்தி நடந்து அறிந்தேன். தாங்கலாம், நிரூ. அம்மா தாங்கியிருப்பா.

நாளைக்கும் ஏழரைக்கு வெளிக்கிடுகிறேன். நீயும் அந்த நேரம் வெளிக்கிடு.

அக்கா